கோடுகள் எழுத்தாக மாறும்போது

எழுத்துகளாலேயே ஓடும் கட்டளைத் திரையான டெர்மினலில் ஒரு மெனு திறக்கிறது. மேல் ஓரக்கோடு வர வேண்டிய இடத்தில் சின்ன எல், அதன்பின் வரிசையாகக் க்யூ, கடைசியில் ஒரு கே. இரு பக்கமும் எக்ஸ் எக்ஸாக இறங்குகிறது. அடியில் எம்மில் தொடங்கி ஜேயில் முடிகிறது. சர்வர் வேலையில் இருக்கும் யாருக்கும் பழகிய காட்சிதான். பலரும் உடனே ஃபான்டை மாற்றிப் பார்க்கிறார்கள், நேரம் அங்கேதான் வீணாகிறது. திரையில் விழுந்த குப்பை எந்த வகைக் குப்பை என்று முதலில் படியுங்கள். கோளாறு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இந்த எல்-க்யூ-கே சங்கதி 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினலோடு வந்தது. எஸ்கேப், இடப்பக்க அடைப்புக்குறி, சுழியம் என்ற மூன்று பைட் போனால் டெர்மினல் சின்ன எழுத்துகளைக் கோடுகளாக வரையத் தொடங்கும். எல் என்றால் ┌, கே ┐, எம் └, ஜே ┘, க்யூ ─, எக்ஸ் │, என் ┼. எஸ்கேப், அடைப்புக்குறி, பெரிய பி போனால் பழையபடி எழுத்துக்குத் திரும்பும். ஆகவே திரையில் க்யூ க்யூவாக நின்றால் பைட்கள் பழுதில்லாமல் வந்துவிட்டன என்று பொருள். 'கோட்டு முறைக்கு மாறு' என்ற கட்டளையைத்தான் டெர்மினல் ஏற்கவில்லை. ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சர்வரோடு இணையப் பயன்படும் புட்டி என்ற டெர்மினல் நிரலில் இது அடிக்கடி வரும். யூனிகோடு எழுத்துகளைப் பைட்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கும்போது அந்த மாற்றுக் கட்டளையைப் புட்டி இயல்பாகவே புறக்கணிக்கும். ஆனால் சர்வரில் டெர்மினல் வகையைச் சொல்லும் டெர்ம் மாறி 'எக்ஸ்டெர்ம்' என்று இருப்பதால், நிரல்களுக்காகத் திரையை வரையும் என்கர்சஸ் நூலகம் விடி100 வழியிலேயே கோடு அனுப்புகிறது. புட்டியின் புதிய பதிப்புகளில் விண்டோ பகுதியின் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில், யூடிஎஃப்-8 முறையிலும் விடி100 கோடுகளை அனுமதிக்கும் பெட்டி இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும். பழைய பதிப்பு என்றால் கனெக்‌ஷன் பகுதியின் டேட்டா பக்கத்தில் டெர்மினல் வகையை 'புட்டி' என்று மாற்றுங்கள். டெர்மினல்களின் திறன்களைப் பட்டியலிடும் டெர்ம்இன்ஃபோவின் அந்தப் பதிவில் 'யூ8' என்ற குறிப்பு இருப்பதால் என்கர்சஸ் நேரடியாக யூனிகோடு கோடுகளை அனுப்பும்.

மூன்றாவது வழி, 'என்கர்சஸ்_நோ_யூடிஎஃப்8_ஏசிஎஸ்' என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து, யூனிகோடு கோடுகளையே அனுப்பச் சொல்வது. இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். வேண்டாமென்று நினைத்து அதற்கு 0 கொடுக்கக் கூடாது. லினக்ஸ் கன்சோலுக்கும் ஸ்கிரீன் நிரலுக்கும் என்கர்சஸ் தானாகவே யூனிகோடு கோடு அனுப்பும் சலுகையை அந்த 0 நிறுத்திவிடும். வேண்டாமென்றால் அன்செட் செய்யுங்கள். அடுத்து, நிர்வாகி உரிமையில் நிரலை ஓட்டும் சுடோ வழக்கமாகச் சூழல் மாறிகளைக் கழித்துவிடும். சாதாரணப் பயனராக, ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ஹெச்டாப் அழகாகத் தெரிந்து, சுடோ போட்டதும் மறுபடி க்யூ வரிசை வந்தால் இதுதான் காரணம். மெனுப் பெட்டிகளைக் காட்டும் விப்டெயில் என்கர்சஸில் கட்டியதல்ல, எஸ்-லாங் என்ற வேறொரு நூலகத்தின் மேல் ஓடுவது. அதை வைத்து இந்த மாறியைச் சோதித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

இனி வேறு வகைக் குப்பை. கூரை போட்ட சின்ன ஏ, ஒரு மேற்கோள் குறி, யூரோ குறி என்று மும்மூன்றாக வந்தால், ─ என்ற யூனிகோடு கோட்டின் 226, 148, 128 ஆகிய மூன்று பைட்களைத் டெர்மினல் விண்டோஸின் மேற்கத்திய எழுத்துகளாகத் தனித்தனியே படிக்கிறது. பழைய தமிழ்க் குறியேற்றமான திஸ்கியில் வந்த மின்னஞ்சல் பொருந்தாத ஃபான்டில் திறந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த நோயை விளக்க வேண்டியதில்லை. டெர்மினலின் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்-8 ஆக்கினால் தீர்ந்தது. இரட்டைப் புள்ளி வைத்த பெரிய ஏக்கள் வரிசையாக நின்று, பக்கங்களில் ³ இறங்கினால் அது பழைய ஐபிஎம் பிசியின் 437ஆம் கோட் பேஜ், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை. அதில் ─ 196, │ 179.

எந்தப் பக்கம் தவறு என்று பிரிக்க, ஓடும் நிரல்களை மரமாக வரைந்து காட்டும் பிஎஸ்ட்ரீயைப் போல எளிய கருவி இல்லை. அதையே பெரிய யூ விருப்பத்தோடு ஓட்டினால் யூனிகோடு கோடு, பெரிய ஜியோடு ஓட்டினால் விடி100 கோடு, பெரிய ஏயோடு ஓட்டினால் வெறும் ஆஸ்கி. யூவில் சரி, ஜியில் எழுத்தாக வருகிறது என்றால் மேலே சொன்ன புட்டி வைத்தியம். ஜியில் சரி, யூவில் குப்பை என்றால் டெர்மினலின் எழுத்துத் தொகுதி தவறு. இரண்டும் சரியாக இருந்தும் உங்கள் நிரல் மட்டும் கெடுக்கிறதா? அப்போது மொழியையும் எழுத்துத் தொகுதியையும் சொல்லும் அமைப்பான லோகேலைப் பாருங்கள்.

லோகேல் கோளாறு சத்தமில்லாமல் வரும். சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் பல லினக்ஸ் வகைகளில் நம் லேப்டாப்பின் லோகேலைச் சொல்லும் லாங் மாறியைச் சர்வருக்கும் கொண்டுபோகிறது. லேப்டாப்பில் தமிழ் லோகேல் இருந்து, சர்வரில் அது உருவாக்கப்படாமல் இருந்தால் பல நிரல்கள் பேசாமல், ஆஸ்கி மட்டும் அறிந்த 'சி' லோகேலுக்கு இறங்கிவிடும். 'லோகேல் சார்மேப்' என்று கேட்டால் யூடிஎஃப்-8 என்று பதில் வர வேண்டும். ஆன்சி என்று தொடங்கும் நீளமான பெயர் வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். கன்டெய்னர்களில் லாங் மாறியே பெரும்பாலும் இருக்காது, 'சி.யூடிஎஃப்-8' வைத்தால் போதும். ஒரே டெர்மினலில் பல திரைகளைத் திறக்கும் டீமக்ஸும் இதே மாறிகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அவசரத்துக்குச் சின்ன யூ விருப்பத்தோடு மறுபடி அட்டாச் செய்யலாம்.

சீரியல் கேபிளில் வேலை செய்யும்போது பழைய விடி100 வழியின் அருமை தெரிகிறது. இரு முனையும் 7 பிட், இரட்டைப் பாரிட்டி (பிழை பிடிக்கும் கூடுதல் பிட்) என்று இருந்தால் ஒவ்வொரு பைட்டின் தலைப் பிட்டும் வெட்டுப்படும். 226 தேய்ந்து 98 ஆகிறது, அதாவது சின்ன பி. மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். கோடு முழுக்கப் பி பியாக நிற்கும். 437இன் 196 பெரிய டி ஆகும், 179 வெறும் 3 ஆகும். விடி100 கோடுகள் மட்டும் சேதமில்லாமல் வந்து சேரும், ஏனென்றால் அவை முழுக்க 7 பிட் ஆஸ்கி. முடிந்தால் 8 பிட், பாரிட்டி இல்லாமல் வையுங்கள். பயாஸின் கன்சோல் ரீடைரக்‌ஷனில் விடி100, விடி-யூடிஎஃப்8, ஆன்சி என்று வகை கேட்டால் உங்கள் டெர்மினல் எதைப் படிக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள்.

ஃபான்டைக் குறை சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. வடிவம் சரியாக இருந்து, கோடு மட்டும் துண்டு துண்டாகத் தெரியும்போது. நிற்கும் கோட்டில் இடைவெளி என்றால் வரி இடைவெளியை 1.0க்குக் குறையுங்கள். அலாக்ரிட்டி போன்ற டெர்மினல் நிரல்கள் கோட்டைத் தாங்களே வரைவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. பழைய பிசித் திரைத் தரமான விஜிஏவின் எழுத்து முறையில் எழுத்து 8 புள்ளி, கட்டம் 9 புள்ளி. 192 முதல் 223 வரையான குறிகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் நகலெடுக்கும் வசதி அந்த வன்பொருளில் உண்டு. வலப்பக்கம் நீளும் கோடுகளை எல்லாம் 437 அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்த வரிசையைக் கலைக்கும் ஃபான்டைக் கன்சோலில் ஏற்றினால் படுத்த கோடு புள்ளிக்கோடாகிவிடும்.

பைனரிக் கோப்பைத் தெரியாமல் கேட் கட்டளையால் திரையில் கொட்டி, அதிலிருந்த 14ஆம் பைட்டால் திரை முழுக்கக் கோடுகளாகிவிட்டதா? டைப் செய்வது தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். அல்லது எக்கோ, ஒரு ஸ்பேஸ், கன்ட்ரோல்-வி, கன்ட்ரோல்-ஓ, என்டர். அந்த ஓ என்பது 15ஆம் பைட், திரையை எழுத்துக்குத் திருப்பிவிடும்.