நம்பர் பார்த்த பையன்

அப்பா சங்கரன்கோவிலில் பேப்பர் ஏஜென்ட்டாக இருந்தார். திருநெல்வேலியில் அச்சாகிற பேப்பர், கட்டுக் கட்டாக விடியுமுன்னே பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும். சணல் கயிறு அவ்வளவு இறுக்கமாக இருக்கும், முடிச்சை அவிழ்க்க முடியாது. அப்பா பிளேடு வைத்து ஒரே இழுப்பில் அறுப்பார். கட்டு மூச்சு விடுகிற மாதிரி லேசாக உப்பும். உள்ளே கை வைத்தால் நடுவிலிருக்கிற பேப்பர் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதாக எனக்குத் தோன்றும்.

"எலே, எண்ணி அடுக்கு" என்பார். எண்ணுவதற்குப் பதில் நான் படித்துக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை என்றால் தினமலருக்குள் சிறுவர்மலர் செருக வேண்டும். செருகுகிற சாக்கில் ட்யூப் லைட் அடியில் உட்கார்ந்து முழுசாக முடித்துவிடுவேன். ஊரிலேயே முதலில் படிக்கிற பிள்ளை நான்தான் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. தினத்தந்தியில் கன்னித்தீவு. 1960-ல் தொடங்கிய படக்கதை அது. அப்பா சின்ன வயதில் பார்த்த சிந்துபாத்தைத்தான் நானும் பார்த்தேன். "லைலா என்ன ஆனா?" என்று அப்பா என்னிடம் கதை கேட்பார். அவருக்குக் காலையில் படிக்க நேரம் இருக்காது. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினால் எட்டு மணிக்குத்தான் திரும்புவார்.

மிச்சப் பேப்பரோடு நான் பெஞ்சில் இருப்பேன். டீக்கடைக்கு வருகிறவர்கள் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்கள், "வாசிடே தம்பி" என்று என்னைக் கூப்பிடுவார்கள். சத்தமாக, நிறுத்தி, யாருக்கும் விளங்காமல் போகக்கூடாதே என்று வாசிக்கப் பழகியது அங்கேதான். இன்றைக்கும் எதைப் படித்தாலும் மனதுக்குள் அந்த வேகம்தான் ஓடுகிறது.

1987 டிசம்பர் 24 நன்றாக நினைவிருக்கிறது. எம்.ஜி.ஆர். விடிகாலையில் இறந்துபோனார். ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். எங்கள் கட்டோ அதற்கு முன்பே அச்சாகி வந்துவிட்டது. ஒருவர் பேப்பரை வாங்கி முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுப்பக்கம் எல்லாம் புரட்டிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் போடலையே, அப்ப பொய்யாத்தான் இருக்கும்" என்று அழுதுகொண்டே சொன்னார். அந்தக் காலைப் பேப்பரில் தலைவர் உயிரோடு இருந்தார். அப்பா அன்றைக்கு லைனுக்குப் போகவே தயங்கி நின்றார்.

ஆனால் எனக்கு மறக்கவே மறக்காதது ரிசல்ட் நாள்தான். எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ ரிசல்ட் எல்லாம் அப்போது பேப்பரில்தான் வரும். பாஸானவர்களின் நம்பரை மட்டும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் போட்டிருப்பார்கள். பெயர் கிடையாது, மார்க் கிடையாது. நம்பர் இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான். மாலைப் பேப்பர் கட்டு வருகிற நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். அப்பா எண்ணிக் கொடுப்பார், நான் நம்பர் பார்த்துச் சொல்வேன்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தாவணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். துண்டுச் சீட்டில் நம்பர் எழுதியிருந்தது. கடைசி மூன்று இலக்கம் 419. விரலை வைத்து இறங்கினேன். 416, 417, 418. அடுத்தது 421. மறுபடி மேலே போய் இறங்கினேன். மையில் என் விரல் கறுத்துவிட்டது. "அடுத்த பத்தியில பாரு தம்பி" என்றார். அடுத்த பத்தியில் அந்த நம்பர் வர வழியே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன். தலையை நிமிர்த்தாமலே கடைசி வரி வரைக்கும் பார்த்தேன். நிமிர்ந்தபோது அக்கா போயிருந்தார். சீட்டு மட்டும் பெஞ்சில் கிடந்தது.

இல்லாத ஒரு எண்ணைப் போல் கனமான எழுத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் படிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ என்னலே செய்வே?" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்த வருஷம் அதே பெஞ்சுக்கு அந்த அக்கா வந்தார். பிரைவேட்டாக எழுதியிருக்கிறாராம். சுற்றிலும் படித்த ஆட்கள் எத்தனையோ பேர் நின்றார்கள். "நீயே பாரு" என்று சீட்டை என்னிடம்தான் நீட்டினார். எனக்குக் கை நடுங்கியது. மூன்றாவது பத்தியில் இருந்தது. வாயில் வார்த்தை வராமல் விரலை மட்டும் அங்கே வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, அந்த எண்ணுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு கீறினார். பேப்பரை நாலாக மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார். அப்பா காசு வாங்கவில்லை.