அக்டோபரில் வரும் தராசுகள்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் அளவுத்திருத்தக் கூடத்துக்கு ஆண்டு முழுவதும் வருபவை மருந்துக் கம்பெனிகளின் மின்னணுத் தராசுகள், தொழிற்சாலைகளின் பிரஷர் கேஜ்கள், டார்க் ரெஞ்சுகள். அக்டோபர் பிறந்தால் இன்னொரு வகையும் எட்டிப் பார்க்கும். பழைய அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் சுற்றி, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய ஒற்றைத்தட்டுத் தராசு. கொண்டுவருபவர் பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுபவராக இருப்பார். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை இங்கே துப்பாக்கியோடு மான் வேட்டை தொடங்கும். அதற்குள் தோட்டாவுக்கான வெடிமருந்தை நிறுத்துப் போட வேண்டும், தராசு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள் என்பார். கணக்கில் வராத வேலைதான். எங்கள் மேலாளர் கண்டுகொள்வதில்லை.

சுட்டு முடித்த பித்தளை உறையை எறியாமல், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, மருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை அழுத்தி மறுபடி தோட்டாவாக்குவதை இங்கே ரீலோடிங் என்கிறார்கள். நம் ஊரில் உரிமம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இங்கே பலருக்கு அது கராஜில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, தொடும் ஆசையும் இல்லை. ஆனால் அந்தத் தராசுகள் என் கைக்கு வரும்போது மனசு கொஞ்சம் குஷியாகிவிடும். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை பார்த்த இயற்பியல் தராசின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும் இது. கோலைத் தாங்கும் அதே கத்தி முனை, அது உட்காரும் அதே கடினமான அகேட் கல்.

இவர்களுக்கு கிராம் கிடையாது, கிரெயின்தான். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 15.43. பழைய ஆஸ்பிரின் மாத்திரை 5 கிரெயின் என்பதால்தான் இன்றும் அது 325 மில்லிகிராம் என்ற விநோத எண்ணில் நிற்கிறது. தராசின் மிகச் சிறிய பிரிவு 0.1 கிரெயின், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம். தட்டார்களின் குன்றிமணியைப் பதினெட்டு, இருபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு. மருந்துக் குருணைகளாகச் சொன்னால் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் சில துண்டுகள்.

அமைப்பு ரொம்ப எளிது. கோலின் ஒரு பக்கம் தட்டு. கோலின் மேலே வெட்டுகள். நகர்த்தும் எடைகளில் பெரியதை ஒரு வெட்டு தள்ளினால் சில தராசுகளில் 5 கிரெயின், சின்னது ஒரு வெட்டுக்கு 0.1. கோலின் நுனியில் ஒரு செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஆடும். எனக்குப் பிடித்த இடம் அதுதான். தகடு அசையும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அசைவை எதிர்க்கும். அசைவு நின்றதும் அந்த எதிர்ப்பும் போய்விடும். அதனால் ஆட்டம் சீக்கிரம் அடங்குகிறதே தவிர, நிற்கும் இடம் மாறுவதில்லை. பேட்டரி, சுவிட்ச் எதுவும் வேண்டாம்.

பழுதாகி வருபவற்றில் பாதிக்குக் காரணம் அன்பு. கத்தி முனையில் துரு பிடித்துவிடுமோ என்று எண்ணெய் விட்டுக் கொண்டுவருவார்கள். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், மருந்தின் மேல் பூசியிருக்கும் கிராஃபைட் தூளையும் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து அகேட் பள்ளத்தில் கரிய பசையாகிவிடும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டு, எதுவும் பூசாமல் வைப்பதுதான் வைத்தியம். இதைச் சொன்னால் எந்திரத்தோடு வாழ்ந்த மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். எண்ணெய் இல்லாத எந்திரமா?

இன்னொரு முறை வந்த தராசு, ஒரே எடையை வைத்தாலும் மேலிருந்து இறங்கும்போது ஓரிடத்திலும் கீழிருந்து ஏறும்போது இன்னோரிடத்திலும் நின்றது. கத்தி முனை மழுங்கியிருக்கும் என்று உருப்பெருக்கியில் பார்த்தோம், முனை நன்றாகவே இருந்தது. கடைசியில் காந்தத்தின் உள்பக்கத்தில் ரோமம் போல இரும்புச் சீவல் ஒன்று நிமிர்ந்து நின்று செப்புத் தகட்டை உரசிக்கொண்டிருந்தது. லேத் ஓட்டுபவரின் சட்டைக் கையிலிருந்து விழுந்திருக்கும். ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தை உள்ளே விட்டு ஒற்றி எடுத்ததும் தராசு குணமாகிவிட்டது.

தட்டை மாற்றிக் கொண்டுவருவோரும் உண்டு. தட்டும் கோலும் ஜோடி. தட்டைத் தாங்கும் கொக்கியின் அடியில் சில தராசுகளில் சின்ன ஈயமணிகள் இருக்கும், காலித் தட்டைச் சுழிக்கு (பூஜ்ஜியத்துக்கு) கொண்டுவருவதற்காக. வேறு தராசின் தட்டை மாட்டினால் சரிப்படுத்தும் திருகாணியை எவ்வளவு திருகினாலும் சுழி வராது.

சோதிக்கும்போது நான் தட்டைத் தூக்கித் தூக்கித் திரும்ப வைப்பேன், ஒவ்வொரு தடவையும் கோல் நுனியின் கோடு அதே இடத்துக்கு வருகிறதா என்று. அப்புறம் கூடத்தின் தரப்படுத்திய எடைக்கற்களை, அவர் நிறுக்கப்போகும் அளவுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பேன். 500 கிரெயினில் சரியாக இருக்கும் தராசு 40-ல் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. வீட்டில் 168 கிரெயின் குண்டு ஒன்றை வைத்துச் சோதித்துவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். குண்டுக்குக் குண்டு எடை கொஞ்சம் மாறும் என்பதை மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும். கண் கோட்டின் மட்டத்திலேயே இருக்க வேண்டும், ஏசி காற்று மேசைமேல் விழக் கூடாது. இவையெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

மின்னணுத் தராசு வாங்கிவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் முழுக்க அதைத் திருத்திச் சம்பளம் வாங்குபவன் நான். இருந்தும் இந்த வேலைக்கு, மலிவான மின்னணுத் தராசைவிடக் கோல் தராசையே நம்புவேன். மின்னணுத் தராசுக்குச் சூடேற நேரம் வேண்டும். அறை வெப்பம் மாறினால் சுழி நகரும். மருந்தை ஒவ்வொரு குருணையாக விழவிட்டால் சில மலிவு ரகங்கள் கவனிக்காமலே இருந்துவிட்டு, தட்டைத் தூக்கி வைத்தபின்தான் உண்மையைச் சொல்லும். கிராமில் வைத்துவிட்டு கிரெயின் என்று படிக்கும் ஆபத்து வேறு. இதிலெல்லாம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: தப்பாக இருக்கும்போதும் அதே தெளிவான எண்ணைக் காட்டும். கோல் தராசு கெட்டால் தயங்கும், உரசும், வெவ்வேறு இடத்தில் நிற்கும். பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் அவன் எங்களிடம் வருவான்.

அதற்காகக் கோல் தராசு காப்பாற்றும் என்று எண்ணிவிடவும் கூடாது. ஒகையோவில் மான் வேட்டைக்குத் தோட்டா ரைபிளை அனுமதித்ததே 2014-லிருந்துதான், அதுவும் கழுத்து குறுகாத நேர்ச்சுவர் உறைகள் மட்டும். அவற்றில் மூத்த ஒன்று அமெரிக்க ராணுவம் 1873-ல் எடுத்துக்கொண்ட 45-70 என்ற தோட்டா. அந்த 70, பழைய வகை வெடிமருந்தான கரும்பொடியின் கிரெயின் கணக்கு. இன்றைய புகையில்லா மருந்து அதைவிடக் குறைவாகவே போதும் என்பதால் உறைக்குள் நிறைய இடம் மிச்சமிருக்கும். சில மருந்துகளில் ஒரே உறையில் இரண்டு தடவை கொட்டினாலும் வெளியே தெரியாது, சுடும்போது துப்பாக்கியே வெடிக்கலாம். இரண்டு தடவையும் தராசு சரியாகத்தான் நிறுத்திருக்கும். அதனால் பழகியவர்கள் நிரப்பிய உறைகளை ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டை அழுத்துவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே மருந்தின் மட்டத்தைப் பார்ப்பார்கள். ரீலோடிங் கைநூலில் போட்டிருக்கும் அதிகபட்ச அளவிலிருந்து தொடங்காமல் பத்து சதவீதம் போலக் குறைத்துத் தொடங்குவார்கள்.

போன அக்டோபரில் வந்தவர் அப்பாவின் தராசையும் தான் வாங்கிய மின்னணுத் தராசையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தார். எதை வைத்துக்கொள்வது என்று கேட்டார். எண்ணிக்கைக்கு மின்னணுத் தராசைப் பயன்படுத்துங்கள், பத்துக்கு ஒன்றை அப்பாவின் தராசில் போட்டுப் பாருங்கள், இரண்டும் முரண்பட்டால் அப்பாவின் தராசு சொல்வதைக் கேளுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அப்பாவின் தராசுக்கு மட்டும் சான்றிதழ் ஒட்டித் தர முடியுமா என்றார். வீட்டுச் சாமானுக்கு நாங்கள் சான்றிதழ் தருவதில்லை. தேதியும் என் கையெழுத்தும் போட்ட வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை அடியில் ஒட்டிக் கொடுத்தேன்.