காவடி வாரத்தில் படம் ஏறாத சர்வர்

4 பிப்ரவரி 2025, ரோஸ் ஹில்

கொடியேறிவிட்டது, வீடு வீடாக விரதம். பழைய காவடிப் படங்களைச் சேர்த்து வைக்கிற எங்கள் தளத்துக்கு மொரீஷியஸில் இந்த வாரம்தான் கூட்டம், இந்த வாரம் பார்த்துத்தான் ஒரு பக்கம் திறக்க ஆறு நொடி ஆகிறது. படம் ஏற்றினால் அதைவிட மோசம். கோயிலில் ஓர் அம்மா, பேச்செல்லாம் இந்த ஊர் மொழியான கிரியோல், என்னைக் கூப்பிடுவது மட்டும் "தம்பி". தன் பாட்டனார் காவடி எடுத்த படத்தை மூன்று தடவை ஏற்றிப் பார்த்திருக்கிறார். ஏறவில்லை.

சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். சிபியு சும்மா கிடக்கிறது, மெமரியும் தாராளம். ஆனால் பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பி புராசஸ்களில் பாதி டி நிலையில், அதாவது டிஸ்க் மாதிரி ஏதோ ஒன்றின் பதிலுக்காக, காத்துக் கிடக்கின்றன.

5 பிப்ரவரி

படங்கள் இருக்கும் ஃபோல்டரில், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தேன், டீ குடித்து முடிக்கும்வரை பதில் இல்லை. சின்ன அளவுப் பிரதிகளையும் சேர்த்து 2 லட்சம் ஃபைலுக்கு மேல் ஒரே இடத்தில். அதையே வண்ணமும் வரிசையும் வேண்டாம் என்று எல்எஸ் -எஃப் அடித்தால் சீக்கிரம் வந்துவிட்டது. அப்படியானால் பெயர்களைப் படிப்பதில் சிக்கல் இல்லை, ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் தனித்தனியாகக் கேட்கும்போதுதான் நேரம் போகிறது.

7 பிப்ரவரி

இன்றைக்குப் பிடிபட்டது. ஒரு புராசஸ் சிஸ்டத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸைப் போட்டு ஒரே ஒரு பக்கத்தைத் திறந்தேன்: ஃபைல் விவரம் கேட்கும் எல்ஸ்டாட் மட்டும் 4,200 தடவை! பிஎச்பி ஒரு நிரல் ஃபைலைச் சேர்க்கும்போது அதன் பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் சரிபார்க்கும், பார்த்ததை ரியல்பாத் கேஷ் என்ற தன் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் குறிப்பிட்ட ஃபோல்டர்களுக்கு வெளியே பிஎச்பி போகாமல் தடுக்கும் ஓப்பன்_பேஸ்டிர் போட்டிருந்தால் அந்த கேஷ் வேலையே செய்யாது. எங்கள் சர்வரில் போட்டிருக்கிறது.

அதோடு நிரல், படம் எல்லாமே நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் இன்னொரு சர்வரில், அதுவும் நோஏசி என்ற அமைப்போடு மவுண்ட் செய்து (இணைத்து) இருக்கிறது. முன்பு இரண்டு வெப் சர்வர் இருந்தபோது ஒன்றில் ஏற்றிய படம் மற்றதில் உடனே தெரிய வேண்டும் என்று வைத்தது, இப்போது இருப்பது ஒன்றுதான். நோஏசி இருந்தால் ஃபைல் விவரம் எதையும் நினைவில் வைக்காது, ஒவ்வொரு கேள்வியும் நெட்வொர்க்கைத் தாண்டிப் போய் வரும். ஒன்றுக்கு ஒரு மில்லிநொடி என்றாலே நாலு நொடி போச்சு. எழுதுவதையும் அந்தப் பக்கம் எழுதி முடிந்த பிறகே விடும், படம் ஏறாததற்கு அதுதான் காரணம்.

10 பிப்ரவரி

நிரலை உள்ளூர் டிஸ்க்குக்கு மாற்றினேன், படங்கள் மட்டும் என்எஃப்எஸ்ஸில். நோஏசியை எடுத்துவிட்டு மறுபடி மவுண்ட். ஓப்பன்_பேஸ்டிரை வெறுமனே எடுத்துவிட மனசு வரவில்லை, அது பாதுகாப்புக்காக வைத்தது. ஒவ்வொரு தளத்துக்கும் தனி யூசர், தனி எஃப்பிஎம் பூல் (பிஎச்பி புராசஸ் குழு) என்று பிரித்த பிறகே எடுத்தேன். பக்கம் அரை நொடிக்குள் வருகிறது. படங்களை ஆண்டுவாரியாகப் பிரிக்கும் வேலை பாக்கி, காவடி முடியட்டும்.

11 பிப்ரவரி

காவடி முடிந்து இலையில் ஏழு காய்கறிக் கறி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஃபோனை நீட்டினார், படம் ஏறியிருந்தது. கீழே பாட்டனார் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். கை கழுவிவிட்டு வந்து எழுதிக் கொடுத்தேன்.