ஹ-வில் தேடி க-வில் கிடைத்த தாத்தா

மாமியாரின் சொந்தங்களில் நாஜிகள் கொன்றவர்களின் பெயரைப் பழைய பதிவுகளில் தேடிய ஒன்றரை வருஷ அலைச்சலில் ஒரு தாத்தா முழுதாகக் கிடைத்தார், ஒரு பெரியம்மா பாதி கிடைத்தார். இதே வேலையில் இறங்குகிறவர்கள் நான் விழுந்த குழிகளிலாவது விழாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மாமியார் உக்ரைனில் கார்கிவ் நகரத்துக்காரர். அங்கே டாக்டருக்குப் படிக்கப் போய் மாப்பிள்ளையானவன் நான். 2022-இல் குண்டு விழத் தொடங்கியதும் எல்லோரும் ஜெர்மனி வந்துவிட்டோம். மாமியாருடைய தாத்தா யூதர், தையல்காரர், 1941-இல் ஊரைவிட்டுக் கிளம்ப மறுத்தவர். அம்மாவின் அக்கா உக்ரைனியர், செர்னிஹிவ் பக்கம் கோரியுகிவ்காவில் வாழ்க்கைப்பட்டவர். இரண்டு பேரையும் நாஜிகளின் ஆக்கிரமிப்பு கொண்டுபோனது. அவர்கள் பெயர் எங்காவது எழுத்தில் இருக்கவேண்டும் என்பது மாமியாரின் ஆசை.

ஜெர்மனியில்தானே இருக்கிறோம் என்று முதலில், நாஜிகளிடம் சிக்கியவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ஆரோல்சன் காப்பகத்துக்கு எழுதினேன். என் அவசரபுத்தி. அங்கே இருப்பவை பெரும்பாலும் வதைமுகாம் பதிவுகளும், கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்டவர்களின் காகிதங்களும்தான். கார்கிவ் யூதர்களை யாரும் முகாமுக்கு அனுப்பிப் பதிவு போடவில்லை. 1941 டிசம்பர் நடுவில் ஒரு தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கு விரட்டி, அங்கிருந்து ட்ரோபிட்ஸ்கி யாருக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ‘யார்’ என்றால் அவர்கள் மொழியில் ஓடைப் பள்ளம். தமிழ்க் காதில் அது வேறு கேள்வியாக விழுகிறது.

அப்புறம் யாத் வஷேமின் பெயர்த் தரவுத்தளம். ஹோலோகாஸ்ட் எனும் யூத இனப்படுகொலைக்கு இஸ்ரேலில் இருக்கும் நினைவகம் அது. மூன்று மாதம் தேடியும் ஆள் இல்லை. குடும்பப் பெயர் ‘ஹ’-வில் ஆரம்பிக்கும். ரஷ்ய மொழியில் அந்த ஒலிக்குச் சரியான எழுத்து கிடையாது, ‘க’ போட்டுவிடுவார்கள். ஹிட்லரையே கிட்லர் என்றுதான் எழுதுகிறார்கள். நமக்குக் ‘க’-வோடு பிறந்ததிலிருந்து பழக்கம், எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். ‘க’ போட்டுத் தேடிய அன்று ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். தந்தை பெயர் சரி, தொழில் தையல், வயதில் மட்டும் மூன்று வருஷம் இடித்தது. ஆகவே பிறந்த வருஷத்தை ஒருபோதும் கறாராகப் போட்டுத் தேடாதீர்கள். அவர்கள் பெயரோடு வரும் தந்தை பெயர் நம்மூர் இனிஷியல் மாதிரி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் சில சமயம் காலை வாரும். மோய்சேய் என்றிருந்தவர் பிற்பாடு மிகைல் ஆகியிருப்பார்.

அந்தப் பதிவு வந்த இடம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. 1941 டிசம்பரில் நகரத்தில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது யூதர்களை மட்டும் தனியே மஞ்சள் பட்டியலில் எழுதினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். கொல்வதற்குப் போட்ட கணக்கில்தான் தாத்தா மிஞ்சியிருக்கிறார்.

கொல்லப்பட்டவரைப் பற்றி உறவினர் யாத் வஷேமுக்கு எழுதிக்கொடுக்கும் படிவத்துக்குச் சாட்சிப் பக்கம் என்று பெயர். அதை நிரப்புவது ஒரு சாயங்கால வேலை. மாட்டிக்கொண்டது ‘இறந்த இடம்’ என்ற கட்டத்தில். மாமியார் ட்ரோபிட்ஸ்கி யார் என்று எழுதப் போனார். ஆனால் நடக்கமுடியாத முதியவர்களை நகரத்துக்குள்ளேயே ஒரு ஜெப ஆலயத்தில் பூட்டி, குளிரிலும் பசியிலும் சாகவிட்டதும் நடந்திருக்கிறது. தாத்தாவுக்கு முழங்கால் வலி உண்டு. எது என்று பார்த்தவர் யாரும் இல்லை. கடைசியில் ‘கார்கிவ்’ என்று மட்டும் எழுதினோம். நிச்சயமில்லாததை ஊகித்து நிரப்பினால் நாளைக்கு அதுவே ஆவணமாகிவிடும், ஜாக்கிரதை.

பெரியம்மா விஷயம் வேறு. யாத் வஷேமின் சாட்சிப் பக்கம் யூதர்களுக்கு மட்டும்தான், அது அவர்களுடைய பணி, குறை சொல்வதற்கில்லை. ஒரே குடும்பத்து ஆட்களுக்கு இரண்டு வழி என்பதை மாமியாருக்குப் புரியவைக்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. கோரியுகிவ்காவில் 1943 மார்ச் 1, 2 தேதிகளில், கொரில்லாப் படையின் தாக்குதலுக்குப் பழிவாங்க, ஊரையே எரித்தார்கள். சுமார் 6,700 பேர். பெரும்பாலோர் பெயர் இன்றும் தெரியாது.

ஒரு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டோம். இறந்தவரின் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரோடு காகிதமும் எரிந்துபோனது என்றோம். அப்படியானால் பிறப்புச் சான்றும், உறவுமுறைச் சான்றும், எல்லாவற்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பும் என்றார் அந்த அம்மாள். மொழிபெயர்ப்புக்கு 180 யூரோ அழுதேன். அனுப்பிய பிறகு, இது எங்கள் பிரிவு இல்லை என்று ஒரு வரி வந்தது. இந்த வரியை முதல் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். எந்தப் பிரிவு பொறுப்பு என்று எழுத்தில் வாங்காமல் ஒரு தாளையும் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள்.

உருப்படியான வழி இரண்டு. நாஜிக் குற்றங்களை விசாரிக்க 1942 நவம்பரில் சோவியத் அரசு அமைத்த சிறப்பு விசாரணைக் கமிஷனின் பட்டியல்கள் ஒன்று. அக்கம்பக்கத்தார் சொல்லச் சொல்லக் கையால் எழுதியவை. மாஸ்கோவில் இருக்கும் அவற்றின் நகல்கள் யாத் வஷேமிலும் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்திலும் உண்டு. மற்றது, ‘உக்ரைனின் துயரப் புத்தகம்’ என்று மாவட்டவாரியாக வந்த தொகுதிகள். அந்தப் பக்கத்து நூலகர் ஒருவர், முன்பின் தெரியாதவர், ஒரு காசு வாங்காமல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பெண்களைக் கணவர் வீட்டுப் பெயரில் தேடச் சொன்னவரும் அவர்தான்.

கிடைத்தது ஒரே வரி. குடும்பப் பெயர், ஒரு முதலெழுத்து, பக்கத்தில் ‘மூன்று குழந்தைகளுடன்’. மாமியார் அதன் கீழே பென்சிலால் கல்யா, பெத்ரோ என்று எழுதினார். மூன்றாவது கைக்குழந்தை. ஆக்கிரமிப்புக் காலத்தில் பிறந்தது. அப்போது தபால் நின்றுபோயிருந்ததால் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்ற சேதி இவர்களுக்கு வந்து சேரவே இல்லை.