மூக்கு அடங்கினால்தான் நெஞ்சு அடங்கும்: ஆஸ்துமாக்காரரின் மகரந்தக் காலம்

ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு மகரந்த அலர்ஜி வெறும் தும்மலோடு போவதில்லை. முதலில் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், அப்புறம் மூக்கடைத்து வாயால் மூச்சு விட ஆரம்பிப்போம், அடுத்த சில நாளில் ராத்திரி இருமல், விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். எனக்கு வருடா வருடம் இதே வரிசைதான். மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர் என்று ஓடிக்கொண்டிருந்தவரை இரண்டுமே அடங்கவில்லை. அப்புறம் பார்த்த நுரையீரல் மருத்துவர் ஒருவர்தான், மூக்கும் மூச்சுக்குழாயும் ஒரே பாதை, மேலே அழற்சி இருந்தால் கீழேயும் தொந்தரவு இருக்கும், சீசன் வருவதற்கு முன்னாலேயே மூக்கிலிருந்து தொடங்குவோம் என்றார்.

முதல் வேலை, எதனால் வருகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஸ்கின் பிரிக் டெஸ்ட். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும்போதுதான் செய்வார்கள், அதோடு செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், உண்மையில் டெஸ்ட்டைவிட அந்த வாரம்தான் கொடுமை. முன்கையில் பேனாவால் எண் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலர்ஜி தரக்கூடிய ஒரு பொருளின் சாற்றில் ஒரு சொட்டு வைத்து, சின்ன முனையால் லேசாக ஒரு குத்து. பிறகு ஒரு பதினைந்து, இருபது நிமிடம் சொறியாமல் உட்கார வேண்டும், எரிச்சலோ எரிச்சல். கொசு கடித்த மாதிரி தடிக்கும், 3 மில்லிமீட்டராவது தடித்தால்தான் கணக்கு. எனக்குத் தடித்தது புல் மகரந்தம். பளிச்சென்று பூக்கிற செடிகள்மேல்தான் பலருக்கும் சந்தேகம் வரும், ஆனால் அவற்றின் மகரந்தம் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும், பூச்சிகள்தான் சுமந்து போக வேண்டும். காற்றில் மிதந்து வருவது பெரும்பாலும் புல், களை, சில மரங்களுடையது, அவற்றின் பூவை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

சிகிச்சையில் எனக்குப் பெரிய வித்தியாசம் காட்டியது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், சிலருக்கு இரண்டு வாரம்கூட, அதனால் சீசனுக்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும். அடிக்கிற விதமும் முக்கியம். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடித்தால் முனை தானாக வெளிப்பக்கம் திரும்பும், நடுச்சுவரில் பட்டு ரத்தம் வருவது குறையும். அடித்ததும் 'சர்'ரென்று உறிஞ்சக் கூடாது, மருந்தெல்லாம் தொண்டைக்குப் போய்விடும். மூக்கடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்துகள் வேறு வகை. அவற்றைச் சில நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

அலர்ஜி மாத்திரை தும்மலுக்கும் அரிப்புக்கும் நல்லது, ஆனால் இழுப்புக்கு அது மருந்தில்லை. நெஞ்சுக்குத் தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான், மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும், எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அவசரத்துக்கு எடுக்கிற நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அதை மட்டுமே நம்பி ஓட்டுவதை உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதோடு ஒரு பீக் ஃப்ளோ மீட்டர், ஊதும்போது மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி. மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்வேன். நன்றாக இருக்கும்போது வரும் நம் உச்ச எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி மருந்தை மாற்ற வேண்டும், 50க்குக் கீழே என்றால் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவு. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், அதேதான்.

மற்றபடி சின்னச் சின்ன வேலைகள்: மகரந்தம் அதிகமாக இருக்கிற நாளில் ஜன்னலைச் சாத்துவது, துணியை வெளியே உலர்த்தாமல் இருப்பது, படுக்கும் முன் தலைக்குக் குளிப்பது. இதெல்லாம் ஓரளவுக்குத்தான். ஆனால் சீசனில் இடிமழை வருகிறது என்றால் நான் வெளியே போகவே மாட்டேன். ஈரத்தில் புல் மகரந்தம் வெடித்து, நுரையீரலின் உள்வரை போகிற அளவு நுண்துகள்களாகச் சிதறும். 2016 நவம்பரில் மெல்போர்னில் இப்படி ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்துபோனார்கள், அலர்ஜித் தும்மல் மட்டும் இருந்து ஆஸ்துமா என்று தெரியாதவர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

இம்யூனோதெரபி பற்றியும் பேசினோம், அதாவது அலர்ஜி தரும் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சை. வழக்கமாக மூன்று வருடமாவது எடுக்க வேண்டும், ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும், ஆஸ்துமா அடங்காதவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். இந்த சீசனில் என் பீக் ஃப்ளோ எண்கள் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.