சிவிக்ஸ் டெஸ்ட் பாஸ், ஓட்டர் கார்டுல மாட்டிக்கிட்டேன்

அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூன்னா எல்லாரும் சிவிக்ஸ் டெஸ்டோட (அந்த நாட்டு அரசாங்கம், வரலாறு பத்தினது) 100 கேள்விய உருப்போடுவாங்க, நானும்தான். (2025 அக்டோபர் 20லேர்ந்து அப்ளை பண்ணவங்களுக்கு 128 கேள்வி, 20 கேட்டு 12 சரியா சொல்லணும், பாவம்.) எனக்கு ஆறே கேள்வில முடிஞ்சிது. செனட்டருக்கு எத்தன வருஷம், கீழ்சபையான ஹவுஸ்ல 435 பேர், ரெண்டு பெரிய கட்சி எது, எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஓட்டுரிமை பத்தின நாலு அமெண்ட்மெண்ட்ல (அரசியல் சட்டத் திருத்தம்) ஒண்ணு சொல்லுன்னாங்க, எல்லாரும் சொல்ற 18 வயச விட்டுட்டு கெத்தா 24வது, ஓட்டு போட வரி கேக்கக் கூடாதுன்னேன்.

அப்புறம்தான் ஆப்பு.

மூணு வருஷம் முன்னாடி லைசென்ஸ் ரினியூ பண்ணப் போனப்ப, கவுண்டர்ல இருந்தவரு என் கிரீன் கார்ட (நிரந்தரமா தங்கலாம், ஆனா சிட்டிசன் இல்ல) கையில வச்சிக்கிட்டே ஓட்டர் பதிவு கட்டத்துல டிக் போட்டுட்டாரு. 1993 சட்டப்படி லைசென்ஸ் எடுக்குற எடத்துலயே பதியலாமாம். நானும் படிக்காம கையெழுத்து போட்டேன், அது என் தப்பு. ஒரு மாசத்துல வீட்டுக்கு ஓட்டர் கார்டு வருது, "எந்தக் கட்சியும் சாராதவர்"னு போட்டு! பதறிப்போய் அன்னைக்கே கேன்சல் பண்ணச் சொல்லி லெட்டர் அனுப்பிட்டேன், ஓட்டு போடவே இல்ல. ஆனா சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல "எப்பவாவது பதிஞ்சிருக்கியா"ன்னு கேக்குறாங்களே, மறைக்காம ஆமான்னு எழுதி விளக்கமும் வச்சேன். சிட்டிசன் இல்லாதவங்க பதிஞ்சா கேஸு நாடு கடத்துற வரைக்கும் போகும்னு வக்கீல் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு.

இன்டர்வியூ எடுத்த ஆபீசர் தன்மையாத்தான் பேசுனாங்க, ஆனா முடிவு சொல்லல, கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) தேர்தல் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வேணும்னாங்க. அரை நாள் லீவு போட்டு போனா, அங்க இருந்தம்மா "லிஸ்ட்லயே இல்லாத ஆளுக்கு நான் எப்படி லெட்டர் தர்றது?"ன்னு கேக்குது. இல்லைங்கறதுக்குத்தாங்க லெட்டர்னு நான் சொல்ல, "ரெக்கார்டு இல்ல"ன்னு ஒரு பேப்பர் பிரிண்ட் எடுத்துக் குடுத்து அனுப்பிடுச்சு. சீல் இல்ல, தேதி இல்ல, வக்கீல் இது செல்லாதுன்னுட்டாரு. மறுபடி போனேன், இந்த தடவ என்ன எழுதணும்னு நானே டைப் பண்ணி எடுத்துட்டுப் போனேன்: எப்ப பதிஞ்சது, எப்ப நீக்குனது, ஒரு தடவ கூட ஓட்டு போடல. வேற ஒருத்தர் இருந்தாரு, பத்தே நிமிஷத்துல சீலோட குடுத்துட்டாரு. நீங்களும் அப்படியே பண்ணுங்க. கேன்சல் லெட்டர் காப்பியத் தூக்கிப் போட்டுடாதீங்க, என்ன காப்பாத்துனதே அதான்.

ரெண்டு மாசம் கழிச்சு அப்ரூவல் வந்துச்சு. சிட்டிசன் உறுதிமொழி எடுத்து முடிஞ்சு வெளிய வந்தா வாசல்லயே ஓட்டர் ஃபார்ம நீட்டுறாங்க, கை நடுங்கிடுச்சு. சிட்டிசனாங்கற கட்டத்த மூணு தடவ படிச்சிட்டுத்தான் டிக் போட்டேன்.