திண்டுக்கல் பூட்டும் 9.19-ம்

ஸ்கூல் லேபில் தனி ஊசல் சோதனை நடந்த அன்று நான் ஊசலைத் தொடவே இல்லை. ஐந்து பேருக்கு ஒரு குண்டு. ஒருத்தி ஆட்டினாள், ஒருத்தி ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். மீதி மூன்று பேரும் போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து, ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 வருகிற மாதிரி விநாடிகளை எழுதிக்கொண்டோம். எல்லாருக்கும் 'வெரி குட்'.

அடுத்த ஞாயிறு அதை வீட்டில் செய்து பார்த்தேன். (திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி டெஸ்ட். அதுதான் காரணமாக இருக்கும்.)

அப்பா கொத்தனார். நைலான் நூல் கொடுத்தார், தூக்குக்குண்டைத் தரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் மொட்டைமாடிக் கதவின் பூட்டைக் கழற்றினேன். திண்டுக்கல் பூட்டு, நல்ல கனம். வண்ணாரப்பேட்டையில் எங்கள் குடியிருப்பு மூன்று மாடி. முதல் மாடிக் கைப்பிடிக் கம்பியில் நூலைக் கட்டி, படிக்கட்டின் நடுச்சந்தில் பூட்டைத் தொங்கவிட்டேன்.

கீழ் வீட்டுப் பாட்டி வெளியே வந்து பார்த்தார். "இன்னாடி இது, யாருக்கு வெக்கிற?"

"படிப்பு பாட்டி."

"எலுமிச்சம்பழம் இல்லியா?"

நூல் 94 செ.மீ. 20 அலைவுக்கு 40.2 விநாடி. கணக்குப் போட்டால் ஜி 9.19. திரும்ப எண்ணினேன், அதே 40.2. லேபாக இருந்தால் 39 என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். இங்கே யாருக்காக மாற்றி எழுதுவது?

அப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க இது எப்படா நிக்கும்னு காத்துக் கெடப்போம். நீ ஆட்டி வுட்டு எண்ணிக்கினு கீற."

நூலை 60, 150, 250 செ.மீ. என்று மாற்றி மாற்றிக் கட்டினேன். 32.6, 50.2, 64.3 விநாடி. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நூலின் நீளத்துக்கு எதிராக கிராஃப் தாளில் குறித்தேன். நான்கு புள்ளியும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோட்டில் விழுந்தன. ஆனால் கோடு பூஜ்ஜியம் வழியாகப் போகவில்லை. அதற்கு 6 செ.மீ. இடப்பக்கம் அச்சைத் தொட்டது. எங்கே தப்பு என்று அரை மணி நேரம் தேடினேன். பிறகுதான் உறைத்தது. நூல் முடிகிற இடத்திலா எடை இருக்கிறது? பூட்டின் நடுவில் அல்லவா இருக்கிறது.

பூட்டை ஸ்கேலின் விளிம்பில் படுக்கவைத்து, சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடினேன். வளையத்தின் உச்சியிலிருந்து சரியாக 6 செ.மீ. பூட்டை அளக்காமலே அதன் நடுவைக் கோடு காட்டியிருந்தது! நேர்க்கோடு பாடத்தில் வெட்டுத்துண்டு என்று மனப்பாடம் செய்த சமாச்சாரம் இதுதானா? கோட்டின் சாய்வை மட்டும் எடுத்தால் அந்த 6 செ.மீ. கணக்கிலேயே வராது. ஜி 9.77.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு பஸ் மாறிப் போய் உட்கார்கிறேன். 1672-இல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்து, தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கயேன் போனபோது, அவருடைய ஊசல் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியதாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஜி குறைவு: பூமி சுற்றுகிறது, அங்கே வயிறும் உப்பியிருக்கிறது. துருவத்தில் 9.83, நம் சென்னையில் 9.78. எங்கள் ரெக்கார்டில் எல்லாருக்கும் ஒரே 9.8! 1821-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த நம்ம மெட்ராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் என்பவர் ஊசலை ஆட்டி இதையே அளந்திருக்கிறார். நுங்கம்பாக்கம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?

இதற்கிடையில், பூட்டில்லாத மொட்டைமாடிக்குப் பசங்க ஏறி இரண்டாம் மாடி அக்காவின் வடாமைத் தின்று தீர்த்துவிட்டார்கள். திட்டு எனக்கு.

வரும் ஞாயிறு மூன்றாம் மாடியிலிருந்து விடப்போகிறேன். 9 மீட்டர், கணக்குப்படி ஒரு அலைவுக்கு 6 விநாடி வரணும். அப்பா இந்தத் தடவை தூக்குக்குண்டைத் தருகிறேன் என்றிருக்கிறார், எண்ணுவதாகவும்.